2025 கல்லூரி ஃபுட்பால் தரவரிசை: ஆடாத அணிகள் இடம் மாறியது எப்படி? கான்ஃபரன்ஸ் பலத்தை எதை வைத்து அளப்பது?

சவுத்பெண்ட்_வாசகன்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், 12 அணிகள் ஆடும் ப்ளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியின் டிசம்பர் 2 பட்டியலில் நோட்டர் டேம் 10, பி.ஒய்.யூ. (பிரிகாம் யங் பல்கலைக்கழகம்) 11, மயாமி 12. அந்த வாரக் கடைசியில் நோட்டர் டேமுக்கும் ஆட்டம் இல்லை, மயாமிக்கும் ஆட்டம் இல்லை. பி.ஒய்.யூ. மட்டும் பிக் 12 கான்ஃபரன்ஸின் (கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) இறுதியில் டெக்சஸ் டெக்கிடம் 34-7 என்று தோற்றது. டிசம்பர் 7 ஞாயிறு வந்த கடைசிப் பட்டியலில் மயாமி 10, நோட்டர் டேம் 11, பி.ஒய்.யூ. 12. டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் கான்ஃபரன்ஸ் சாம்பியன் என்ற வகையில் கடைசி இரண்டு சீட்டை எடுத்துக்கொண்டதால், பத்தாம் இடத்தோடு கதவு மூடிவிட்டது.

எனக்கு இரண்டு கேள்விகள். ஆடாத இரண்டு அணிகள் எப்படி இடம் மாறின? மயாமி ஆடும் ஏ.சி.சி. (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) இந்த ஆண்டு பலவீனம் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த ஏ.சி.சி.யின் இறுதி ஆட்டத்துக்கே போகாத மயாமியை எந்த அளவுகோலில் மேலே வைத்தார்கள்? நோட்டர் டேம் முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்றபின் தொடர்ந்து பத்து வென்றது. அந்தத் தோல்விகளும் மயாமியிடம் 27-24, டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40. மொத்தமே நான்கு புள்ளி.

சனிக்கிழமை_ஆட்டம்

முதல் கேள்விக்கு விடை கமிட்டி ஓட்டுப் போடும் முறையில் இருக்கிறது. 1லிருந்து 25 வரை ஒரே மூச்சில் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. முதலில் ஒவ்வொரு உறுப்பினரும் 30 அணிகளை வரிசை இல்லாமல் எழுதுவார். மூன்று பேராவது எழுதிய அணிதான் பேச்சுக்கு வரும். பிறகு ஆறு அணி கொண்ட சிறு குழு. அந்த ஆறுக்கு ஒவ்வொருவரும் 1 முதல் 6 வரை எண் போடுவார்கள். கூட்டுத்தொகை குறைந்த மூன்று அணிகளுக்கு இடம் உறுதி. மீதி மூன்று அடுத்த சுற்றுக்குப் போகும், புதிதாகச் சில அணிகள் சேரும். இப்படியே கீழே இறங்குவார்கள். ஒவ்வொரு வாரமும் வெள்ளைத் தாளில் தொடங்குகிறோம் என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு.

இரண்டு அணிகள் ஏறக்குறையச் சமம் என்று தோன்றினால் பார்க்க வேண்டியவை விதியிலேயே இருக்கின்றன: கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப், ஷெட்யூலின் கடினம், நேருக்கு நேர் முடிவு, பொது எதிராளிகளோடு ஆடிய விதம். பி.ஒய்.யூ. இடையில் நின்றவரை நோட்டர் டேமும் மயாமியும் பக்கத்துப் பக்கத்தில் வரவில்லை. பி.ஒய்.யூ. விழுந்ததும் இரண்டும் ஒட்டி வந்தன. ஆகஸ்ட் 31 அன்று நடந்த 27-24 அப்போதுதான் மேசைக்கு வந்தது. கமிட்டித் தலைவர் ஹண்டர் யூராசெக் கொடுத்த விளக்கத்தின் சாரமும் இதுதான்.

சவுத்பெண்ட்_வாசகன்

அப்படியானால் 27-24 அதற்கு முந்தைய வாரங்களிலும் இருந்ததுதானே? மூன்றாவது அணி ஒன்று இடையில் நிற்பதால் மட்டும் இரண்டு அணிகளின் ஒப்பீடு மாறலாமா? தர்க்கம் இடிக்கிறது.

தரவுப்பித்தன்

இடிக்கத்தான் செய்யும். எண்களைக் கூட்டி வரிசை போடும் எந்த முறையிலும் இந்த ஓட்டை உண்டு. காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். 13 உறுப்பினர்கள், மூன்று அணிகள் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனைக் கணக்கு, உண்மையான ஓட்டு விவரம் வெளியே வருவதில்லை.

6 பேர் எழுதுவது: நோட்டர் டேம் 1, பி.ஒய்.யூ. 2, மயாமி 3.
7 பேர் எழுதுவது: மயாமி 1, நோட்டர் டேம் 2, பி.ஒய்.யூ. 3.

நோட்டர் டேம்: 6×1 + 7×2 = 20
மயாமி: 6×3 + 7×1 = 25
பி.ஒய்.யூ.: 6×2 + 7×3 = 33

குறைந்த தொகை நோட்டர் டேமுடையது, அதனால் அது மேலே. ஆனால் மயாமி நோட்டர் டேமைவிட மேல் என்று நினைப்பவர்கள் 13இல் 7 பேர்! இப்போது பி.ஒய்.யூ.வை எடுத்துவிடுங்கள். யாரும் மனம் மாறவில்லை, அதே 13 பேர், அதே கருத்து.

நோட்டர் டேம்: 6×1 + 7×2 = 20
மயாமி: 6×2 + 7×1 = 19

மயாமி மேலே வந்துவிட்டது. ஆக, ஆடாத அணிகள் இடம் மாறுவதற்குச் சதி எதுவும் தேவையில்லை, கூட்டல் முறையே போதும். என் குறை வேறு இடத்தில்: வாராவாரம் செவ்வாய்க்கிழமை பட்டியல் வெளியிட்டு அதற்கு ஒரு காரணமும் சொல்லிவிடுவதால், அடுத்த வாரம் மாற்றும்போது பழைய காரணத்தோடு மோதுகிறது. ஒரே ஒரு கடைசிப் பட்டியல் மட்டும் வந்திருந்தால் இவ்வளவு காயம் பட்டிருக்காது.

அட்லாண்டா_அண்ணாச்சி

ரெண்டு பேருமே முக்கியமானதை விட்டுட்டீங்க. நோட்டர் டேம், மயாமி ரெண்டுமே எஸ்.இ.சி. (அலபாமா, ஜார்ஜியா ஆடுற சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) ஷெட்யூலை ஆடலை. அலபாமா 10-3 (10 வெற்றி, 3 தோல்வி). அதுல ஒரு தோல்வி எஸ்.இ.சி. இறுதியில ஜார்ஜியாகிட்ட 28-7. அதே ஜார்ஜியாவை அவங்க ஊர் ஏதென்ஸ்லயே 24-21ன்னு ஜெயிச்ச அணி அலபாமா. வாராவாரம் அடி வாங்குற கான்ஃபரன்ஸ்ல ரெண்டு தோல்வியும், ஏ.சி.சி.யில ரெண்டு தோல்வியும் ஒண்ணாகுமா? 2006லிருந்து 2012 வரை ஏழு வருஷம் தொடர்ந்து பட்டம் எஸ்.இ.சி.க்குத்தான். ஃப்ளோரிடா, எல்.எஸ்.யூ., ஆபர்ன், அலபாமா. அது சும்மா வரலைங்க.

ஓஹாயோ_தம்பி

அண்ணாச்சி, 2012 முடிந்து 13 ஆண்டாகிவிட்டது. கடைசி மூன்று பட்டமும் பிக் டென் கான்ஃபரன்ஸுக்கு: 2023 மிச்சிகன், 2024 ஓஹாயோ ஸ்டேட், 2025 இண்டியானா. மூன்றும் வேறு வேறு அணி. எஸ்.இ.சி. பெரிது என்றால் இந்த ஆண்டு அலபாமாவின் முதல் ஆட்டத்தைச் சொல்லுங்கள். ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 31-17 தோல்வி. அந்த ஃப்ளோரிடா ஸ்டேட் 5-7 என்று முடிந்தது, அதுவும் நீங்கள் பலவீனம் என்கிற ஏ.சி.சி.யில்.

இன்னொன்று. பி.ஒய்.யூ. தன் இறுதி ஆட்டத்தில் 34-7 என்று தோற்று ஓர் இடம் இறங்கியது. அலபாமா 28-7 என்று தோற்று அதே ஒன்பதாம் இடத்தில் நின்றது. இதற்கு அளவுகோல் எது?

அட்லாண்டா_அண்ணாச்சி

இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்ற அணியை அதுக்காகவே தண்டிச்சா, நாளைக்கு மூணாவது இடத்துல நின்னு வீட்டில உக்காந்திருக்கிறதுதான் லாபம்னு ஆகிடும். பி.ஒய்.யூ.க்கும் அதே சலுகை கிடைச்சிருக்கணும்ங்கறதை நான் ஒத்துக்கிறேன். ஆனா பி.ஒய்.யூ.வோட ரெண்டு தோல்வியும் ஒரே அணிகிட்ட, 29-7, 34-7. ரெண்டு முறையும் ஆட்டத்துலயே இல்லை. அலபாமா அதே சீசன்ல ஜார்ஜியாவை ஒரு முறை ஜெயிச்சிருக்கு. அந்த வித்தியாசம் இருக்குல்ல.

தரவுப்பித்தன்

கான்ஃபரன்ஸ் பலம் என்ற சொல்லை எல்லாரும் கைவசம் உள்ள பொருள் மாதிரிப் பயன்படுத்துகிறோம். எப்படி அளப்பது என்று கேட்டால் பழைய பட்டங்களைச் சொல்கிறோம். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

2025இல் எஸ்.இ.சி.யில் 16 அணிகள், அணிக்கு 8 கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள். 16×8÷2 = 64 ஆட்டங்கள். அதில் 64 வெற்றி, 64 தோல்வி. எவ்வளவு பலமான கான்ஃபரன்ஸானாலும் உள்ளே ஆடும் ஆட்டங்களில் சராசரி எப்போதும் பாதிக்குப் பாதிதான். பலவீனமான கான்ஃபரன்ஸிலும் அதே பாதி. ஆக, உள்ளே நடக்கும் எந்த ஆட்டமும் அந்தக் கான்ஃபரன்ஸ் வெளியுலகோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லவே முடியாது. அதைச் சொல்லக்கூடியவை வெளியே ஆடும் ஆட்டங்கள் மட்டும். அவை அணிக்கு நான்கு. அதிலும் ஒன்று கீழ்ப் பிரிவான எஃப்.சி.எஸ். அணியோடு, ஒன்றிரண்டு சிறு கான்ஃபரன்ஸ் அணியோடு. பெரிய கான்ஃபரன்ஸோடு நேராக மோதுவது பெரும்பாலும் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றின் எடை எவ்வளவு என்று காட்ட ஒரு சிறு மாதிரி. ப்ளேஆஃபுக்கு முன் இருந்த பி.சி.எஸ். தேர்வு முறையின் காலத்தில் (1998-2013) இருந்த ஆறு கணினி முறைகளில் வெஸ் காலியின் முறை முழுக்க வெளிப்படையானது. வெற்றி, தோல்வி, யாரோடு ஆடினாய், அவ்வளவுதான். புள்ளி வித்தியாசம் கிடையாது. அதை வைத்துப் போடுகிறேன்.

முதல் கான்ஃபரன்ஸ்: அ, ஆ, இ. அ இருவரையும் வென்றது, ஆ இயை வென்றது.
இரண்டாவது: ப, பா, பி. ப இருவரையும் வென்றது, பா பியை வென்றது.

வெளி ஆட்டமே இல்லாவிட்டால் அ 0.700, ஆ 0.500, இ 0.300. மற்ற பக்கமும் அச்சு மாறாமல் ப 0.700, பா 0.500, பி 0.300. இப்போது ஒரே ஒரு ஆட்டம் சேர்க்கிறோம்: இந்தப் பக்கத்தின் கடைசி அணி இ, அந்தப் பக்கத்தின் முதல் அணி பவை வென்றுவிட்டது.

அ 0.756, ஆ 0.556, இ 0.469
ப 0.531, பா 0.444, பி 0.244

ஆவைப் பாருங்கள். அது வெளியே ஓர் ஆட்டமும் ஆடவில்லை. ஆனாலும் 0.556 ஆகி, எதிர்ப்பக்க முதல் அணியான பவைத் (0.531) தாண்டிவிட்டது. பி என்ன பாவம் செய்தது? ஒன்றும் இல்லை, அதுவும் 0.300இலிருந்து 0.244க்கு இறங்கியது. ஃப்ளோரிடா ஸ்டேட், அலபாமா ஆட்டம் இப்படித்தான் இரண்டு கான்ஃபரன்ஸ்களையும் கட்டும் கயிறு. உண்மையில் இப்படிப் பல கயிறுகள் இருப்பதால் ஒன்று மட்டும் இவ்வளவு இழுக்காது. இருந்தாலும் கயிறுகளின் எண்ணிக்கை நாம் நினைப்பதைவிடக் குறைவு.

புதுரசிகை_டாலஸ்

இதை நானே எக்செல்லில் போட்டுப் பார்க்க முடியுமா? 136 அணிகளுக்குச் சமன்பாடு தீர்க்கவெல்லாம் வராது.

தரவுப்பித்தன்

தாராளமாக முடியும். சமன்பாடு தீர்க்கத் தேவையில்லை, திரும்பத் திரும்பப் போட்டாலே விடை வந்துவிடும்.

1. ஒரு தாளில் ஆட்டப் பட்டியல்: வென்ற அணி, தோற்ற அணி. ஓர் ஆட்டம் ஒரு வரி.
2. இன்னொரு தாளில் அணிப் பட்டியல். எல்லாருக்கும் தொடக்க மதிப்பு 0.5.
3. ஒவ்வொரு அணிக்கும் புதிய மதிப்பு: 1ஐ எடுங்கள். வெற்றியிலிருந்து தோல்வியைக் கழித்துப் பாதியாக்கிக் கூட்டுங்கள். அது ஆடிய எல்லா எதிராளிகளின் இப்போதைய மதிப்பையும் கூட்டுங்கள். வந்ததை, ஆடிய ஆட்டங்களோடு 2 கூட்டிய எண்ணால் வகுங்கள்.
4. எல்லா அணிக்கும் முடித்த பிறகு, புது மதிப்புகளை வைத்து மறுபடி. மூன்றாம் தசமம் அசையாமல் நிற்கும்வரை.

மேலே உள்ள அவுக்குச் சரிபாருங்கள்: 1 + (2−0)÷2 + 0.556 + 0.469 = 3.025. அதை 4ஆல் வகுத்தால் 0.756. சரியாக வருகிறது.

எங்கே தவறு நேரும் என்றால், முதலில் அணிப் பெயர். மயாமி இரண்டு உண்டு, ஃப்ளோரிடாவில் ஒன்று, ஓஹாயோவில் ஒன்று. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் ஏ.சி.சி.யும் மிட் அமெரிக்கன் கான்ஃபரன்ஸும் பின்னிக்கொண்டு மொத்தக் கணக்கும் கெடும். அடுத்தது எஃப்.சி.எஸ். அணிகள். நூற்றுக்கு மேல் இருப்பதால் பலர் எல்லாவற்றையும் "எஃப்.சி.எஸ்." என்று ஒரே அணியாக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் அந்தப் பிரிவின் முதல் அணியும் கடைசி அணியும் ஒரே எடை. 2007இல் ஆன் ஆர்பரில் மிச்சிகனை 34-32 என்று வென்ற அப்பலாச்சியன் ஸ்டேட் அந்தப் பிரிவு அணிதான். நாலைந்து குழுவாகவாவது பிரித்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்க ஒரு வழி: எல்லா அணிகளின் சராசரி சரியாக 0.5 வர வேண்டும். ஓர் ஆட்டத்தை ஒரு பக்கம் மட்டும் பதிந்திருந்தால் சராசரி நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

சனிக்கிழமை_ஆட்டம்

சராசரிச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். ஓர் ஆட்டம் இரண்டு பக்கமும் விடுபட்டால் சராசரி 0.5ஆகவே நிற்கும். 2010இல் காலியின் கணக்கிலேயே இது நடந்தது. அப்பலாச்சியன் ஸ்டேட்டும் வெஸ்டர்ன் இல்லினாயும் ஆடிய எஃப்.சி.எஸ். ஆட்டம் தரவில் இல்லை. அந்த இரண்டு அணிகளும் பி.சி.எஸ். பட்டியலுக்குச் சம்பந்தமே இல்லாதவை. ஆனால் கயிறு கயிறாகப் போய் எல்.எஸ்.யூ. 10, பாய்சி ஸ்டேட் 11 என்று பட்டியல் வெளியாகிவிட்டது. திருத்தியபோது இரண்டும் இடம் மாறின. முறை வெளிப்படையாக இருந்ததால்தான் வெளியாள் ஒருவர் மறுகணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடிந்தது. மற்ற ஐந்து முறைகளில் இப்படி முழுதாக மறுகணக்குப் போட வழி இருக்கவில்லை.

ஆகவே வாராவாரம் இன்னொரு சோதனை: எல்லா அணிகளும் ஆடிய ஆட்டங்களைக் கூட்டினால், மொத்த ஆட்டங்களைப் போல் சரியாக இரண்டு மடங்கு வர வேண்டும். அந்த மொத்தத்தை அதிகாரபூர்வ ஷெட்யூலோடு ஒப்பிட வேண்டும். உங்கள் தாளோடு உங்கள் தாளையே ஒப்பிட்டால் பயனில்லை.

அட்லாண்டா_அண்ணாச்சி

வெற்றி தோல்வி மட்டும் பாத்தா 45-3ம் 20-19ம் ஒண்ணாப் போயிடுதே. கிரிக்கெட்ல நெட் ரன் ரேட் பாக்குற மாதிரி வித்தியாசத்தையும் பாக்கணும் இல்லையா?

தரவுப்பித்தன்

எதற்காகப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. அடுத்த சனிக்கிழமை யார் வெல்வார் என்று கணிக்க, புள்ளி வித்தியாசம் கட்டாயம் வேண்டும். பில் கானலியின் எஸ்.பி. ப்ளஸ், இ.எஸ்.பி.என்னின் எஃப்.பி.ஐ. எல்லாம் அந்த வகை. யார் எவ்வளவு சாதித்தார் என்று பார்க்க வேறு அளவு. இரண்டையும் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

சாதனையை அளக்க எளிய வழி: அந்த ஷெட்யூலை ஓர் ஓரளவு நல்ல அணி (25ஆம் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள அணி என்று வையுங்கள்) ஆடியிருந்தால் எத்தனை வென்றிருக்கும்? அதைவிட இந்த அணி எத்தனை கூடுதலாக வென்றது? ஆட்டவாரியாக வெல்லும் வாய்ப்பைப் போட்டுக் கூட்டினால் போதும்.

எஸ்.இ.சி. பாணி: 6 ஆட்டம் 0.90 வாய்ப்பு, 6 ஆட்டம் 0.55 வாய்ப்பு. எதிர்பார்ப்பு 5.4 + 3.3 = 8.7 வெற்றி. அணி 9-3 என்றால் 0.3 கூடுதல்.
இலகுவான ஷெட்யூல்: 11 ஆட்டம் 0.90, ஒன்று 0.55. எதிர்பார்ப்பு 9.9 + 0.55 = 10.45. அணி 11-1 என்றால் 0.55 கூடுதல்.

இங்கே 11-1 மேல். அதே அணி இன்னொன்றில் தோற்று 10-2 ஆகியிருந்தால் எதிர்பார்ப்பைவிட 0.45 குறைவு, 9-3 மேல். ஒரே தோல்வியில் தராசு முழுக்கச் சாய்கிறது. "கடினமான ஷெட்யூலில் மூன்று தோல்வி" என்பதும் "எளிய ஷெட்யூலில் ஒரு தோல்வி" என்பதும் வாய்ச்சண்டையில் தீராது, வாய்ப்பு எண்களைப் போட்டால்தான் தெரியும். 2025இல் கமிட்டி சேர்த்துக்கொண்ட "ரெக்கார்டு ஸ்ட்ரெங்த்" என்ற அளவும் இந்தத் திசையில் எடுத்த அடிதான்: யாரை வென்றாய் என்பதற்குப் பலன், பலவீனமான அணியிடம் தோற்றால் அபராதம்.

இதில் ஓட்டை, அந்த 0.90உம் 0.55உம் எங்கிருந்து வருகின்றன என்பது. சீசனுக்கு முந்தைய மதிப்பீட்டிலிருந்து வந்தால் பழைய பெயர் உள்ளே நுழைந்துவிடும்.

ஓஹாயோ_தம்பி

அந்தப் பழைய பெயருக்கு 2025இலேயே சாட்சி இருக்கிறது. ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசை வாக்கெடுப்பில் சீசனுக்கு முன் டெக்சஸ் 1, பென் ஸ்டேட் 2, க்ளெம்சன் 4. டெக்சஸ் 9-3 முடித்து ப்ளேஆஃபுக்கு வரவில்லை. பென் ஸ்டேட் யு.சி.எல்.ஏ.விடமும் நார்த்வெஸ்டர்னிடமும் தோற்று, நடுவிலேயே பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளினை அனுப்பியது. ஆகஸ்டில் கொடுத்த எண் அக்டோபர்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். "நான்காம் இட அணியை வென்றோம்" என்று செப்டம்பரில் சொன்னதை, நவம்பரில் அந்த அணி எங்கே நிற்கிறது என்று பார்த்துத் திருத்த வேண்டும். கமிட்டி முதல் பட்டியலை நவம்பர் வாக்கில் வெளியிடுவது இந்த வகையில் நல்லது.

சவுத்பெண்ட்_வாசகன்

பொது எதிராளிகளையும் பார்த்துவிடுவோம். பிட்ஸ்பர்கை நோட்டர் டேம் 37-15, மயாமி 38-7 என்று வென்றன. பெரிய வித்தியாசம் இல்லை. தோல்விகள் அப்படி இல்லை. மயாமி தோற்றது லூயிவில்லிடம் 24-21, எஸ்.எம்.யூ.விடம் கூடுதல் நேரத்தில் 26-20. இரண்டும் ப்ளேஆஃபுக்கு வராத அணிகள். நோட்டர் டேம் தோற்ற இரண்டும் ப்ளேஆஃப் அணிகள். தரவுப்பித்தன் சொன்ன அளவில் தோல்விப் பக்கம் எங்கள் நோட்டர் டேமுக்குத்தான் சாதகம்.

சனிக்கிழமை_ஆட்டம்

தோல்விப் பக்கம் உங்களுக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெற்றிப் பக்கத்தில் மயாமியின் மிகப் பெரிய வெற்றியே உங்களை வென்றது. உங்கள் பக்கத்தில் அதற்கு இணை எது? யு.எஸ்.சி.யை 34-24. நல்ல வெற்றிதான், ஆனால் ப்ளேஆஃப் அணி இல்லை. பத்து வெற்றியில் அந்த உயரத்தில் ஒன்றுகூட இல்லாதது நோட்டர் டேமின் பலவீனம். எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத சுயேச்சை அணி என்பதால் கடைசி வாரத்தில் அதைச் சேர்க்க இறுதி ஆட்டமும் கிடையாது.

ஏ.சி.சி. விஷயம் இன்னும் சிக்கல். இரண்டாம் இடத்தில் ஐந்து அணிகள் 6-2 என்று சமமாக நின்றன: டியூக், மயாமி, ஜார்ஜியா டெக், பிட்ஸ்பர்க், எஸ்.எம்.யூ. கான்ஃபரன்ஸ் எதிராளிகளின் வெற்றி விகிதம் என்ற விதியில் டியூக் இறுதிக்குப் போனது. போய் வர்ஜீனியாவைக் கூடுதல் நேரத்தில் 27-20 என்று வென்று பட்டத்தையும் எடுத்தது. 17 அணிகள், அணிக்கு 8 ஆட்டம். ஒவ்வொருவரும் கான்ஃபரன்ஸில் பாதிப் பேரோடு மட்டும் ஆடுகிறார்கள். இப்படியான பட்டியலில் சமநிலையை முறிக்கும் விதி பலத்தைவிட ஷெட்யூல் அதிர்ஷ்டத்தையே அதிகம் அளக்கும்.

புதுரசிகை_டாலஸ்

டியூக் சாம்பியன் ஆகியும் ஏன் உள்ளே வரவில்லை?

சனிக்கிழமை_ஆட்டம்

2025இல் விதி "நான்கு பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள்" என்று இருக்கவில்லை. கமிட்டிப் பட்டியலில் உயர்ந்து நிற்கும் ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள், மேலும் ஏழு அணிகள். டியூக் 8-5. தோல்விகளில் ஒன்று கனெக்டிகட்டிடம் 37-34, ஒன்று டுலேனிடமே 34-27. கமிட்டியின் 25க்குள் டியூக் இல்லை. டுலேன் 20, சன் பெல்ட் சாம்பியன் ஜேம்ஸ் மேடிசன் 24. ஆக ஐந்தாவது சீட்டு ஜேம்ஸ் மேடிசனுக்கு. அந்த இருவரும் முதல் சுற்றில் தோற்றார்கள், ஓல் மிஸ்ஸிடம் 41-10, ஆரிகனிடம் 51-34. அதைக் காட்டிச் சிறு கான்ஃபரன்ஸை வெளியே தள்ளச் சொல்பவர்கள், 2024 முதல் சுற்றில் டென்னசி 42-17 என்று ஓஹாயோ ஸ்டேட்டிடம் விழுந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது யாரும் எஸ்.இ.சி.யின் சீட்டைக் குறைக்கச் சொல்லவில்லை.

அட்லாண்டா_அண்ணாச்சி

2024ல எஸ்.எம்.யூ.வை உள்ள விட்டு அலபாமாவை வெளிய நிறுத்தினது இன்னும் ஆறலை. ஜார்ஜியாவை 41-34ன்னு ஜெயிச்ச அணி. எஸ்.எம்.யூ. பென் ஸ்டேட்கிட்ட 38-10ன்னு போச்சு.

ஓஹாயோ_தம்பி

அதே அலபாமா அந்த ஆண்டு வாண்டர்பில்ட்டிடம் 40-35, ஓக்லஹோமாவிடம் 24-3. பிறகு சீசன் முடிந்தபின் நடக்கும் பௌல் ஆட்டத்தில் மிச்சிகனிடமும் 19-13. எஸ்.எம்.யூ. இறுதி ஆட்டத்தில் க்ளெம்சனிடம் 34-31, அதுவும் கடைசி நொடியில் 56 கெஜ ஃபீல்டு கோலில். கமிட்டி அன்று எடுத்த முடிவை அன்றைக்குத் தெரிந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும். பின்னால் வந்த ஸ்கோரை வைத்துப் பேசினால் 2023 ஃப்ளோரிடா ஸ்டேட் நீக்கத்தையும் சரி என்று சொல்ல வேண்டிவரும்.

தரவுப்பித்தன்

அந்த ஆண்டு நடந்ததுதான் இந்த விவாதத்தின் அடிவேர். ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0, ஏ.சி.சி. சாம்பியன். நவம்பர் 18 அன்று நார்த் அலபாமாவோடு ஆடும்போது தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் ஜோர்டன் ட்ராவிஸுக்குக் காலில் பலத்த காயம். மாற்று வீரர்களோடு ஏ.சி.சி. இறுதியில் லூயிவில்லை 16-6 என்று வென்றார்கள். அப்போது ப்ளேஆஃப் நான்கு அணிகளுக்குத்தான்; கமிட்டி மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா என்று நான்கை எடுத்து இவர்களை ஐந்தாவதாக வைத்தது. முக்கிய வீரர் இல்லாததைக் கணக்கில் கொள்ளலாம் என்று விதியிலேயே இருந்தது. சாதனையை அளக்க உட்கார்ந்தவர்கள் கணிப்பை அளந்தார்கள் என்பது என் கருத்து. பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றின் தோல்வியே காணாத சாம்பியனை வெளியே வைக்க அந்த ஒரு வரி போதும் என்றால், சீசன் முழுக்க ஆடியதற்கு மதிப்பு எங்கே?

பிறகு ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியா 63-3. அதை ஆதாரமாகக் காட்டக் கூடாது. ஃப்ளோரிடா ஸ்டேட் பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஆடவில்லை. என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) தயாரிப்பு, வேறு கல்லூரிக்கு மாற்றம், காயம் என்று பல காரணம். பௌல் முடிவுகளைக் கான்ஃபரன்ஸ் பலத்துக்குச் சான்றாக எடுப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, இரு பக்கமும் முதல் வரிசை வீரர்கள் எத்தனை பேர் ஆடினார்கள் என்று எண்ணுவது. ப்ளேஆஃப் ஆட்டங்கள் மட்டுமே ஓரளவு சுத்தமான தரவு.

ஓஹாயோ_தம்பி

இண்டியானாவையும் சொல்லிவிடுகிறேன். 2025இல் அவர்களின் வெளி ஆட்டங்கள் ஓல்ட் டொமினியன், கென்னசா ஸ்டேட், இண்டியானா ஸ்டேட். மூன்றில் ஒன்றுகூடப் பெரிய கான்ஃபரன்ஸ் அணி இல்லை. 2024இலும் இதே பேச்சு, 11-1 என்று வந்து நோட்டர் டேமிடம் 27-17 தோற்றதும் "ஷெட்யூல் அணி" என்றார்கள். 2025இல் ஆரிகனை அவர்கள் ஊரிலேயே 30-20, ஓஹாயோ ஸ்டேட்டை 13-10, ப்ளேஆஃபின் ரோஸ் பௌலில் அலபாமாவை 38-3, மறுபடி ஆரிகனை 56-22, கடைசியில் மயாமியை 27-21. மொத்தம் 16-0. எளிய ஷெட்யூல் என்றால் அணி பலவீனம் என்று பொருள் இல்லை. அணியைப் பற்றி நமக்கு இன்னும் போதுமான தகவல் கிடைக்கவில்லை என்றுதான் பொருள்.

சவுத்பெண்ட்_வாசகன்

மயாமி டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 10-3, ஓஹாயோ ஸ்டேட்டை 24-14, ஓல் மிஸ்ஸை 31-27 என்று வென்று இறுதிவரை போனதை மறுக்கவில்லை. பத்தாம் சீட்டுக்குத் தகுதி இல்லாத அணி என்று இனி நான் எழுத மாட்டேன். என் வழக்கு ஒன்பதாம் இடத்தோடு: மூன்று தோல்வி, அதில் ஒன்று 5-7 அணியிடம்.

அட்லாண்டா_அண்ணாச்சி

ஒன்பதாம் இடம் போன அலபாமா, ஓக்லஹோமாவை அவங்க ஊர்லயே 34-24ன்னு ஜெயிச்சுதான் ரோஸ் பௌலுக்குப் போச்சு. சரி, 2026லிருந்து எஸ்.இ.சி.யும் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டம் ஆடப்போகுது. பிக் டென், பிக் 12 ஆளுங்க "எட்டுதானே ஆடுறீங்க"ன்னு இனி சொல்ல முடியாது. ஒப்பிடுறது சுலபமாயிடும்ல?

தரவுப்பித்தன்

ஒரு வகையில் நியாயம் கூடும். 16 அணிக்கு எட்டிலிருந்து ஒன்பதானால் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் 64இலிருந்து 72. அதாவது கான்ஃபரன்ஸுக்குள் எட்டுத் தோல்வி கூடுதலாகப் பிறக்கும். இதுவரை அந்த இடத்தில் பெரும்பாலும் சிறிய அணியை வென்ற வெற்றி நின்றது. பிக் 12 இந்தச் சுமையை ஏற்கெனவே சுமக்கிறது. பிக் டென்னிலும் 18×9÷2 = 81.

ஆனால் ஒப்பீடு சுலபமாகாது, கடினமாகும். அணிக்கு நான்கு வெளி ஆட்டம் என்பது மூன்றாகும். மொத்தம் 64இலிருந்து 48. பெரிய கான்ஃபரன்ஸ் அணி ஒன்றோடாவது ஆட வேண்டும் என்ற விதி இருப்பதால் அந்தக் கயிறு அறாது. ஆனால் இரண்டாவதாக ஒரு பெரிய அணியை விரும்பிச் சேர்க்கும் துணிச்சல் யாருக்கு இருக்கும்? டெக்சஸ் 2025இல் ஓஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸுக்குப் போய் 14-7 என்று தோற்றதை எல்லா அணி நிர்வாகமும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு தோல்வி இல்லாவிட்டால் டெக்சஸ் 10-2. அடுத்த சில ஆண்டு ஷெட்யூல் வெளிவரும்போது இரண்டாவது பெரிய வெளி ஆட்டம் எத்தனை அணிகளிடம் மிச்சம் இருக்கிறது என்று மட்டும் எண்ணுங்கள். எக்செல் தாளில் அதற்கென்று ஒரு பத்தி சேர்த்துக்கொண்டால் நல்லது.

புதுரசிகை_டாலஸ்

சேர்த்துவிட்டேன். இரண்டு மயாமியையும் பிரித்தாயிற்று. சராசரி 0.5 வருகிறது, ஆட்ட எண்ணிக்கையில் இரண்டு குறைகிறது. ஹவாய் ஆடியவற்றிலிருந்து தேடத் தொடங்குகிறேன்.